பயிர்ச்சேத நிவாரணம் கைக்கு வர: அடங்கல் முதல் வங்கிக் கணக்கு வரை

சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் சூறைக்காற்று கோபி, சத்தியமங்கலம், அந்தியூர், மேட்டுப்பாளையம், சிறுமுகைப் பக்கம் அரை மணி நேரத்தில் குலை தள்ளிய வாழையைப் படுக்க வைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் ஈரோட்டு மஞ்சளும் தொண்டாமுத்தூர், பல்லடத்துச் சின்ன வெங்காயமும் அழுகும். மழை ஏமாற்றிய வருசத்தில் காங்கேயம், தாராபுரம் காடுகளில் (நம் பக்கம் விளைநிலத்தையும் காடு என்போம்) மாட்டுக்குச் சோளத்தட்டுகூட மிஞ்சாது. இவை எல்லாவற்றுக்கும் அரசு நிவாரணம் உண்டு. ஆனாலும் ஒரே காற்றில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் பணம் வரும், அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு வராது. விசாரித்துப் பார்த்தால், காற்று அடிப்பதற்கு முன்பே அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) என்ன எழுதியிருந்தது, அடித்த பிறகு முதல் மூன்று நாளில் என்ன செய்யப்பட்டது என்ற இரண்டில்தான் பெரும்பாலும் வேறுபாடு இருக்கும். இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறது.

எவ்வளவு வரும்

இது நட்ட ஈடு கிடையாது. அரசு ஆணைகளில் இதற்குப் பெயர் இடுபொருள் மானியம். அடுத்த பயிரை வைக்க விதைக்கும் உரத்துக்கும் ஒரு கைத்தாங்கல் என்ற கணக்கில்தான் தொகை நிர்ணயிக்கப்படுகிறது. செவ்வாழையா, கதளியா, நேந்திரனா, தாருக்குச் சந்தையில் என்ன விலை போனது என்பதெல்லாம் கணக்கில் வராது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு வகுத்த விதிமுறையில் (2022-23 முதல் 2025-26 வரைக்கானது) எக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், இறவைப் பயிருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். ஏக்கருக்கு மாற்றினால் ஏறத்தாழ 3,440, 6,880, 9,100. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தமிழ்நாடு அரசு அறிவித்ததும் இதே வீதங்கள்தான். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி அரசாணை வரும். உங்களுக்குச் செல்லுபடியாவது அந்த ஆணையில் உள்ள தொகை. எந்தப் பயிர் எந்த இனத்தில் சேர்கிறது என்பதையும் அதே ஆணையில் பாருங்கள். வாழைக்காரர்கள் இதைத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. இறவை என்று போனாலும் பல்லாண்டு என்று போனாலும் ஏக்கருக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும்.

உச்சவரம்பு ஒரு விவசாயிக்கு 2 எக்டேர், அதாவது 4 ஏக்கர் 94 சென்ட். ஆறு ஏக்கர் வாழை முழுசாகச் சாய்ந்திருந்தாலும் இறவை வீதத்தில் 34,000 ரூபாயோடு நின்றுவிடும். கீழ்வரம்பும் உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை. மானாவாரிக்கு 1,000, இறவைக்கு 2,000, பல்லாண்டுக்கு 2,500 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 20 சென்ட் வெங்காயம் போனால் பரப்புக் கணக்கில் 1,376 ரூபாய்தான் வரும். ஆனால் தர வேண்டியது 2,000. சிறு துண்டு நிலம்தானே, இதற்கு எதற்கு அலைச்சல் என்று விட்டுவிடாதீர்கள்.

விதைத்த பரப்புக்கு மட்டுமே இந்தப் பணம். வறட்சிக் காலத்தில் இது பெரிய பிரச்சினை. மழை பெய்யும் பெய்யும் என்று காத்திருந்து உழவு ஓட்டியதோடு நின்ற காடு, கணக்கில் தரிசுதான். கொழுக்கட்டைப் புல் விட்ட கொறங்காடும் (மேய்ச்சல் நிலம்) அப்படித்தான். அங்கே மேய்ச்சல் போனது உண்மையான இழப்பு, ஆனால் விதைத்த பயிர் என்று அடங்கலில் இருக்காது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டபோதும் நிவாரணம் சாகுபடிப் பரப்பை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது.

அடங்கலை இப்போதே பாருங்கள்

பட்டா, சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அந்த நிலத்தில் இந்தப் போகத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தத் தண்ணீர் என்று சொல்வது அடங்கல், அதாவது கிராமக் கணக்கு எண் 2. பசலி ஆண்டு (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். கிராம நிர்வாக அலுவலர் (சுருக்கமாக வி.ஏ.ஓ., ஊரில் பெரியவர்களுக்கு இன்னும் மணியகாரர்தான்) மாதந்தோறும் பயிர் அசமாயிஷ், அதாவது வயலில் பயிர் ஆய்வு, செய்து இதில் பதிய வேண்டும், வருவாய் ஆய்வாளர் சரிபார்க்க வேண்டும். ஒரு வி.ஏ.ஓ.வுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கிராமம் பொறுப்பாக இருந்தால் காடு காடாகப் போய்ப் பார்க்க நேரம் இருக்காது. போன வருசம் எழுதியது அப்படியே இந்த வருசத்துக்கும் நகர்ந்து வரும். மஞ்சள் போட்ட இடம் வாழை என்றிருக்கும். வாழை வைத்த இடம் தரிசு என்றிருக்கும். சேதம் நடந்த பிறகு திருத்தப் போனால், பணத்துக்காக மாற்றுகிறார் என்ற சந்தேகம்தான் முதலில் எழும்.

ஆகவே பயிர் வைத்து ஒரு மாதத்துக்குள் வி.ஏ.ஓ. அலுவலகம் போய், புல எண், உட்பிரிவு எண் சொல்லி, அடங்கலில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். சரியாக இருந்தால் முத்திரையோடு ஒரு நகல் வாங்கி வையுங்கள். பயிர்க்கடனுக்கு எப்படியும் அது தேவைப்படும். தவறாக இருந்தால் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது வயலில் நின்று செல்போனில் பதியும் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பும் நடக்கிறது. எடுக்க வருபவர்களோடு நீங்களோ, விவரம் தெரிந்த வீட்டார் ஒருவரோ எல்லைக்கல் வரை நடந்து போவது அவசியம். வரப்புத் தெரியாமல் பக்கத்துப் பங்காளி தோட்டத்துப் பயிர் உங்கள் எண்ணில் ஏறிவிட்டால், இருவருக்கும் கெடுதல்.

நம் பக்கத்தில் அடிக்கடி விடுபடுவது ஊடுபயிர். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலையில் தென்னைக்குள் வாழை வைத்திருப்பார்கள். அடங்கலில் தென்னை மட்டும் இருக்கும். காற்றில் வாழை போய்த் தென்னை நின்றால், பதிவின்படி பயிர்ச்சேதமே இல்லை என்றாகிவிடும். கலப்புப் பயிராக இரண்டையும் பரப்போடு எழுதச் சொல்லுங்கள். மறுதாம்பு (வெட்டிய பிறகு கட்டையிலிருந்து மறுபடி வளரும்) வாழை, மறுதாம்புக் கரும்பையும் அப்படியே சொல்லிப் பதியுங்கள். பவானிசாகர்ப் பாசனத்திலும் காலிங்கராயன் பாசனத்திலும் ஒரே வயலில் நெல்லும் அடுத்து வேறு பயிரும் மாறி மாறி வரும் இடங்களில், எந்த மாதம் எது நின்றது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும்.

இதோடு இன்னும் மூன்று வேலையை ஓய்வான மாதத்தில் முடித்து வைக்கலாம். அப்பா, தாத்தா பேரில் நிற்கும் பட்டாவை மாற்றுவது. உழவர் தனி அடையாள எண் பதிவு செய்வது. பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் முன்னெழுத்தும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. பி.எம். கிசான் பணம் வருகிறதே, அது போதும் என்று இருந்துவிட வேண்டாம்; அந்தப் பட்டியல் வேறு, சேதக் கணக்கெடுப்புப் பட்டியல் வேறு.

காற்று ஓய்ந்த காலையில்

மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குள் போங்கள். அதற்குப் பிறகு முதல் வேலை படம் எடுப்பது. வெட்டி ஒதுக்குவது அப்புறம்.

இடமும் தேதியும் படத்திலேயே பதியும் கேமரா செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மழை நாளில் ஜி.பி.எஸ். பிடிக்க ஒரு நிமிடம் ஆகும். இடம் சரியாக விழுந்ததா என்று பார்த்துவிட்டு எடுங்கள். தோட்டத்தின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம். நடுவில் நின்று சுற்றி ஒரு வீடியோ. நிலத்தை அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்று, அதாவது மின் இணைப்பு எண் எழுதிய மோட்டார் ரூம் சுவர், கிணறு, எல்லைக்கல், பக்கத்தில் நிரந்தரமாக நிற்கும் பனை, படத்தில் தெரிய வேண்டும். சாய்ந்த மரத்தை நெருங்கி, தண்டு ஒடிந்ததா, வேரோடு பெயர்ந்ததா என்று தெரியும்படி நாலைந்து படம். வெறும் வாழைத்தோப்பு சாய்ந்து கிடக்கும் படம் யாருடைய தோட்டமாகவும் இருக்கலாம், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

அன்றைக்கே வி.ஏ.ஓ.வுக்கும், வாழை, மஞ்சள், வெங்காயம், மரவள்ளி என்றால் உதவித் தோட்டக்கலை அலுவலருக்கும், நெல், சோளம், மக்காச்சோளம், நிலக்கடலை, கரும்பு என்றால் உதவி வேளாண் அலுவலருக்கும் போன் செய்யுங்கள். பேசிய கையோடு புல எண்ணும் இரண்டு படமும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவர்கள் பார்க்க நேரம் ஆனாலும் தேதி உங்கள் பக்கம் நிற்கும். ஆட்சியர் அலுவலகப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.

எத்தனை நாள் அப்படியே போட்டு வைப்பது என்பதுதான் எல்லோரையும் வருத்தும் கேள்வி. முக்கால் பருவத்துக்கு மேல் விளைந்த தாரை வெட்டி ஏலத்துக்கு அனுப்பாமல் விட்டால் அந்தக் கொஞ்சக் காசும் போய்விடும். தாரை வெட்டிக்கொள்வதில் தவறில்லை, படம் எடுத்த பிறகு வெட்டுங்கள். ஆனால் சாய்ந்த தண்டையும் கட்டையையும் கணக்கெடுப்பு முடியும் வரை இடத்தில் விடுங்கள். டிராக்டர் விட்டு ஓட்டிய காட்டில் அலுவலர் எழுத ஒன்றும் இருக்காது. வெங்காயம்போல் அழுகி நாற்றமெடுத்து, அடுத்த நடவுக்கும் அவசரம் என்றால், ஒரு மூலையில் பத்துக்குப் பத்தடி அப்படியே விட்டுவிட்டு மீதியை ஒதுக்குங்கள். ஒதுக்கப் போகிறேன் என்று முன்னதாகவே எழுதித் தெரிவித்துவிட வேண்டும்.

காற்றுச் சேதத்துக்கு இன்னொரு சிக்கல். மழை அளவைச் சொல்ல மழைமானி இருக்கிறது. உங்கள் ஊரில் மட்டும் சுழன்றடித்த காற்றுக்குச் சாட்சி குறைவு. ரோட்டோரம் விழுந்த புளியமரம், சாய்ந்த மின்கம்பம், பறந்த தகரக்கூரை எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்கள் வைத்திருக்கிறது. அருகில் உள்ள நிலையத்தின் அன்றைய காற்று வேகத்தையும் மழையையும் மனுவில் சேர்த்தால் பலம்.

33 சதவீதக் கணக்கு

பயிர்ச்சேதம் 33 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் உதவி. 2015 வரை இது 50 சதவீதமாக இருந்தது. இந்த ஒற்றை எண்ணில்தான் அதிகம் பேர் விழுந்துவிடுகிறார்கள். மொத்தத் தோட்டத்தையும் கண்ணால் பார்த்து, ஒரு கால்வாசி போயிருக்கும் என்று யாராவது சொல்ல, அதுவே ஏட்டில் ஏறிவிடுகிறது. எண்ணுங்கள், மரம் மரமாக எண்ணுங்கள்.

ஆறடிக்கு ஆறடி வைத்தால் ஏக்கருக்கு 1,210 வாழை. 400 சாய்ந்திருந்தால் 33 சதவீதத்தைத் தொட்டுவிடும். ஏழடி இடைவெளி என்றால் ஏக்கருக்கு 889, அப்போது 294. இடைவெளி எவ்வளவு, மொத்தம் எத்தனை மரம், ஒடிந்தது எத்தனை, வேரோடு சாய்ந்தது எத்தனை, நிற்கிறது எத்தனை என்று உட்பிரிவு வாரியாகத் தாளில் எழுதி வையுங்கள். உட்பிரிவு வாரியாக என்பது முக்கியம். இரண்டரை ஏக்கரில் 3,000 மரம், 900 சாய்ந்தது என்றால் மொத்தத்தில் 30 சதவீதம், கணக்கில் வராது. ஆனால் அந்த 900 மரமும் மேற்கு ஓரம் ஒரே உட்பிரிவில் நின்ற 1,200-க்குள் என்றால், அந்த எண்ணில் சேதம் 75 சதவீதம். அடங்கல் எழுதுவதே புல எண், உட்பிரிவு வாரியாகத்தான். சேதத்தையும் அப்படியே எழுதும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. வந்தவர்களிடம் உங்கள் தாளைக் கொடுத்து, நாலைந்து வரிசையை அவர்களையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். சண்டை பிடிப்பதைவிட இது வேலை செய்யும்.

வாழை இலைக்காக வளர்ப்பவர்களுக்கு ஒரு கசப்பான விசயம்: காற்றில் இலை கிழிந்து நார் நாராகப் போனாலும் மரம் நிற்கிறது என்பதால் அதைச் சேதமாக எழுத வைப்பது கடினம். பாதி முறிந்து தொங்கும் மரங்களையாவது தனியாக எண்ணிக் காட்டுங்கள்.

மஞ்சளுக்கு நேரம்தான் எதிரி. வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சளில் ஐப்பசியில் நாலு நாள் தண்ணீர் நின்றால், கணக்கெடுக்க வரும்போது இலை பச்சையாகவே இருக்கும். கிழங்கு அழுகி மேலே தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் சேதமில்லை என்று எழுதிப் போயிருப்பார்கள். நாலைந்து இடத்தில் தூரைப் பிடுங்கி, கிழங்கைக் குறுக்கே வெட்டி, பழுப்பேறிக் குழைந்திருப்பதைக் காட்டுங்கள். காட்ட முடியவில்லை என்றால், மறு ஆய்வு வேண்டும் என்று அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, அழுகல் தெரிந்ததும் மறுபடி கூப்பிடுங்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து மரவள்ளிக்கும் இதே முறைதான். சாய்ந்த நெல்லில் கதிர் முளைத்திருப்பதை அருகில் போய் எடுத்த படம் பேசும். தூரத்துப் படத்தில் வெறும் படுத்த பயிராகத்தான் தெரியும்.

பூச்சித் தாக்குதலும் பேரிடர்ப் பட்டியலில் உண்டு. 2018-19ல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தபோது தமிழ்நாட்டில் நிவாரணம் கொடுத்தார்கள். தனி ஒருவர் காட்டில் பூச்சி விழுந்தால் இது நடக்காது, வட்டாரம் முழுக்கப் பரவி வேளாண்துறை அறிக்கை கொடுத்தால்தான் நடக்கும்.

மனு

வாய்மொழியாகச் சொன்னதற்குக் கணக்கு இல்லை. மூன்று நாளுக்குள் தாசில்தாருக்கு ஒரு மனு, அதன் நகல் தோட்டக்கலை அல்லது வேளாண் உதவி இயக்குநருக்கு. நீளமாக எழுத வேண்டாம், ஒரு பக்கம் போதும்:

"… வட்டம், … உள்வட்டம், … கிராமம், புல எண் … உட்பிரிவு …, பட்டா எண் …, பரப்பு … எக்டேர் … ஏர்ஸ். மேற்படி நிலத்தில் … தேதி முதல் இறவையில் … ரக வாழை சாகுபடி செய்து வருகிறேன். … தேதி மாலை … மணி அளவில் வீசிய சூறைக்காற்றில் மொத்தம் உள்ள … மரங்களில் … மரங்கள் முற்றிலும் சாய்ந்துவிட்டன. சேதம் … சதவீதம். வருவாய்த் துறையும் தோட்டக்கலைத் துறையும் கூட்டாகப் புலத்தணிக்கை செய்து, இடுபொருள் மானியத்துக்கு எனது பெயரைப் பட்டியலில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். தணிக்கைக்கு வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால் நேரில் இருந்து எல்லைகளைக் காட்டுவேன்."

கூட வைக்க வேண்டியவை: பட்டா நகல், நடப்புப் பசலி அடங்கல், ஆதார் நகல், பெயரும் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணும் தெளிவாகத் தெரியும் வங்கிப் புத்தக முதல் பக்கம், செல்போன் எண், படங்கள், மர எண்ணிக்கைத் தாள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையோடு விரைவு அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மாநிலம் முழுவதும் பேசப்படும் புயலுக்கு அரசு தானாகவே கணக்கெடுக்கச் சொல்லும். நாலு கிராமத்தில் மட்டும் அடித்த கோடைக்காற்றுக்கு அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். ஆட்சியர் முன்மொழிவு அனுப்பி அரசு ஒப்புதல் தந்தால்தான் பணம். அதனால் ஊர்ச் சேதத்தை எல்லாம் ஒரே அட்டவணையில் தொகுத்து, ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் சேர்ந்து கொடுப்பது பலன் தரும். தனித்தனி மனுக்களும் கொடுங்கள், ஒன்று மற்றொன்றுக்கு மாற்று ஆகாது.

குத்தகை, கூட்டுப் பட்டா

கொங்குப் பக்கம் குத்தகையும் வாரமும் (விளைச்சலில் பங்கு) பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். பட்டா பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் உடைமையாளர் பேரில் இருக்கும், கடன் வாங்கி வாழை வைத்தது குத்தகைக்காரர். இடுபொருளுக்குச் செலவழித்தவருக்குத்தான் இடுபொருள் மானியம் போக வேண்டும். அது நடக்க, அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் இருக்க வேண்டும். முறைப்படி பதிவு செய்ய 1969-ம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேடு சட்டம் இருக்கிறது. நிலத்துக்காரர் அதற்குத் தயங்கினால், குறைந்தது இந்தப் போகத்துக்கு இன்னார் பயிர் செய்கிறார், நிவாரணம் அவருக்குச் சேர ஆட்சேபணை இல்லை என்று ஒரு சம்மதக் கடிதம் பயிர் வைக்கும்போதே வாங்கிவிடுங்கள். சேதத்துக்குப் பின் கேட்டால் மனம் மாறிவிடும். கோயில் நிலம் என்றால் செயல் அலுவலர் தந்த நடப்புக் குத்தகை ரசீதை வைத்திருங்கள்.

கூட்டுப் பட்டாவில் நாலு பேர் இருந்தால், மற்ற மூவரின் கையெழுத்தோடு ஒப்புதல் கடிதம் தேவைப்படும். பட்டாதாரர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஒப்புதல். அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லாத வீடுகளில் பணம் அரசுக்கே திரும்பிப் போவது இந்த ஒரு கடிதத்தால்தான். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிட்டால் அந்தத் தலைவலி தீரும்.

பட்டியலும் பணமும்

கூட்டுத் தணிக்கை முடிந்ததும் கிராமவாரிப் பட்டியல் தயாராகி, தாசில்தார், கோட்டாட்சியர், ஆட்சியர் வழியாகச் சென்னையில் வருவாய் நிர்வாக ஆணையருக்குப் போகும். அரசாணை வந்து நிதி இறங்க மாதங்கள் ஆகும். ஆகவே பட்டியல் வட்ட அலுவலகத்தைத் தாண்டுவதற்குள் உங்கள் வரியைப் பார்த்துவிட வேண்டும். பெயர், புல எண், பரப்பு, பயிர், இறவையா மானாவாரியா, சேத சதவீதம், கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. எண் ஆகிய எட்டையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிணற்றுப் பாசனத் தோட்டம் மானாவாரி என்று ஏறியிருந்தால் தொகை சரிபாதியாகிவிடும். எக்டேர் கட்டத்தில் ஏக்கரை எழுதினால் மேலே தணிக்கையில் வரியே நிறுத்தப்படும்.

பெயர் இருந்தும் பணம் வரவில்லை என்றால் பெரும்பாலும் வங்கிப் பக்கம் கோளாறு. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது, சிண்டிகேட் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் கனராவோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. பழைய புத்தகத்தின் நகலைக் கொடுத்தவர்களின் பணம் திரும்பிப் போய்விடும். ரொம்ப நாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கும் அப்படியே. ஆதார் வழியாக அனுப்பினால் நீங்கள் எழுதிய கணக்குக்குப் போகாமல், ஆதாரோடு இணைத்த கணக்குக்குப் போகும். வீட்டில் மறந்துபோன வேறொரு வங்கிப் புத்தகத்தை வங்கியில் பதியவைத்துப் பாருங்கள், பல சமயம் பணம் அங்கே இருக்கும். திரும்பிப் போனது உறுதியானால், சரியான விவரத்தோடு தாசில்தார் அலுவலகத்தில் நிவாரணப் பிரிவில் எழுதிக் கொடுங்கள்.

கணக்கெடுக்கவோ பட்டியலில் சேர்க்கவோ யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. இந்த உதவிக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

ஆடு, மாடு, மண் மூடிய நிலம்

வெள்ளத்திலோ புயலிலோ மாடு செத்தால், உடனே புதைத்துவிட வேண்டாம். கால்நடை உதவி மருத்துவர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும், வி.ஏ.ஓ.வும் பார்க்க வேண்டும். காதுத் தோடு எண் தெரியும்படி படம் எடுங்கள். விதிமுறைப்படி பசு, எருமைக்கு 37,500, கன்றுக்கு 20,000, ஆட்டுக்கு 4,000 ரூபாய். கறவை மாடு 3 வரை, ஆடு 30 வரை கணக்கில் வரும். கோழிக்கு 100 ரூபாய். ஆனால் ஒரு குடும்பத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்பதால் ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் கொட்டகைக்கு இது பெரிதாக உதவாது. வீட்டோடு ஒட்டிய மாட்டுக்கொட்டகைக்கு 3,000. பவானி, நொய்யல், அமராவதிக் கரையோரம் வெள்ளம் மணலையும் வண்டலையும் நிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் போட்டுப் போனால், அதை அகற்றச் சிறு, குறு விவசாயிகளுக்கு எக்டேருக்கு 18,000 ரூபாய் உண்டு. அள்ளுவதற்கு முன் ஒரு குச்சியை ஊன்றி, டேப் வைத்து ஆழம் தெரியப் படம் எடுங்கள்.

வேறு கதவுகள்

பயிர்க் காப்பீடு தனி. அதற்கு பிரீமியம் கட்டியிருந்தால் நிவாரண மனுவோடு நின்றுவிடாமல் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் பதிய வேண்டும். ஆலங்கட்டி, நிலச்சரிவு, தண்ணீர் தேங்குதல், மேகவெடிப்பு, இடியால் பிடித்த தீ ஆகியவைதான் தனித் தோட்டச் சேதமாக ஏற்கப்படும். வெறும் சூறைக்காற்று அதில் இல்லை. காற்றில் போன வாழைக்குக் காப்பீடு வர வேண்டுமானால் பிர்க்கா (உள்வட்டம்) அளவில் மகசூல் குறைந்திருக்க வேண்டும். இது தெரியாமல் காப்பீட்டை நம்பி நிவாரண மனுவை விட்டவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள்.

தாளவாடி, கடம்பூர், ஆனைகட்டி, வால்பாறை அடிவாரத்தில் யானையும் காட்டுப்பன்றியும் செய்த சேதத்துக்குத் தாசில்தாரிடம் போய்ப் பலனில்லை; அது வனத்துறை. வனச்சரக அலுவலகத்தில் உடனே எழுதிக் கொடுத்து, கால்தடம் அழிவதற்குள் வனக்காப்பாளரை வரச் செய்யுங்கள். பயிர்க்கடன் உள்ளவர்கள் சேதச் சான்றோடு கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ தவணையை மாற்றித் தரும்படி கேட்கலாம். தவணை தேதி கடந்து கணக்கு வாராக்கடனாகும் முன்பே கேட்க வேண்டும்.

எல்லாம் செய்தும் பதில் இல்லை என்றால், 1100 என்ற எண்ணில் முதல்வரின் முகவரியில் பதிந்து மனு எண்ணை வாங்குங்கள். அதுவும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி எழுதுங்கள். ஏன் தரவில்லை என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்: இன்ன நாள் சேதம் தொடர்பாக இன்ன கிராமத்தில் தயாரித்த கணக்கெடுப்புப் பட்டியலின் நகல், எனது புல எண்ணுக்கு எழுதப்பட்ட தணிக்கைக் குறிப்பின் நகல், ஆட்சியருக்கு அனுப்பிய முன்மொழிவின் நகல், வங்கி திருப்பி அனுப்பிய கணக்குகளின் பட்டியல். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். தணிக்கைக் குறிப்பில் 33-க்குக் கீழே எழுதியிருந்தால், உங்கள் படங்களையும் மர எண்ணிக்கைத் தாளையும் அதோடு இணைத்து, மறு தணிக்கை கோரி ஆட்சியரிடம் கொடுங்கள்.